மதகுக்கு மேலே நின்று எண்ணுங்கள்: நெடுஞ்சாலை சிமுலேஷனுக்குப் பயணத் தேவையைக் கணக்கிடுவது எப்படி

மதகுக்குக் கீழே நின்றுகொண்டு வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. டெல்டாவில் ஒரு மா நிலம் வைத்திருப்பவருக்கும் இது தெரியும். கீழே தெரிவது மதகின் திறப்புதான். மேலே கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிற தண்ணீர் கீழே இருப்பவர் கண்ணில் படாது. நெடுஞ்சாலையில் வண்டி எண்ணப் போகிற புதியவர்கள் பெரும்பாலும் மதகுக்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டி நல்ல வேப்ப மர நிழல் இருந்தது. காலை முழுக்க எண்ணினேன். கால் மணிக்குக் கால் மணி கிட்டத்தட்ட ஒரே எண் வந்தது. எவ்வளவு சீரான சாலை என்று மகிழ்ந்துபோய் அறிக்கையே எழுதிவிட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அரை கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றதை எனக்குச் சொன்னவர் வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மா.

போக்குவரத்து சிமுலேஷன், அதாவது சாலையையும் வண்டிகளையும் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது, கற்றுக்கொள்ளத் தொடங்கும் சிவில் மாணவர்களுக்கும், சாலைத் திட்ட வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கணினியில் சாலையை வரைவது இரண்டு மூன்று நாள் வேலை. அந்தச் சாலையில் எந்த நேரத்தில் எத்தனை வண்டி ஏறும், ஏறியவை எங்கே இறங்கும் என்ற கணக்குதான் மாதக்கணக்கில் இழுக்கும். அதைத்தான் பயணத் தேவை என்கிறோம். சாலை எவ்வளவு வண்டியைக் கடத்தியது என்பது ஒரு எண். எத்தனை பேர் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போக வந்தார்கள் என்பது இன்னொரு எண். சாலை காலியாக இருக்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றுதான். நெரிசல் வந்ததும் பிரிந்துவிடும். நாம் சிமுலேஷன் செய்வதே நெரிசலைப் பார்க்கத்தான் என்பதால், பிரிகிற அந்த இடத்தில்தான் நமக்கு வேலை.

ஃப்ரீவே வேறு, நம் நாலுவழிச் சாலை வேறு

பயணத் தேவையைக் கணக்கிடும் முறைகளில் பெரும்பாலானவை அமெரிக்க ஃப்ரீவேக்களைப் பார்த்து உருவானவை. அங்கே சாலைக்குள் வர ஏறுவழி, வெளியே போக இறங்குவழி. இரண்டையும் விட்டால் வேறு வாசல் கிடையாது. சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை. கலிபோர்னியாவில் தார்ச் சாலைக்கு அடியில் கம்பிச் சுருள்களைப் பதித்து, மேலே போகும் வண்டிகளை 30 விநாடிக்கு ஒருமுறை கணக்கெடுத்து ஒரே இடத்தில் சேர்த்துவைக்கிறார்கள். எண்ணுகிற வேலையே அங்கே பாதி குறைந்துவிடுகிறது.

நமக்கு அப்படி இல்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலை 83ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி–தஞ்சை பகுதி நாலுவழிதான், நடுவில் தடுப்பும் உண்டு. ஆனால் தடுப்பில் இடைவெளி இருக்கிறது, பேருந்து நிறுத்தம் இருக்கிறது, எதிர்த்திசையில் ஓரமாக வரும் இருசக்கர வண்டியும் இருக்கிறது. இருந்தாலும் ஃப்ரீவே கணக்கில் ஒரு வசதி நமக்கும் பொருந்தும். சாலை ஒன்றே என்பதால் யார் எந்த வழியாகப் போவார் என்ற கேள்வி எழாது. துவாக்குடியில் ஏறியவர் தஞ்சைத் திசையில் போனால் அதற்குக் கீழே உள்ள ஊர்களில்தான் இறங்க முடியும், மேலே திரும்ப முடியாது. நகரத் தெருக்களில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பத்து வழி இருக்கும். இங்கே ஒரே வழி. புதியவர்கள் முதல் கணக்கை இப்படி ஒரு நேர்ச்சாலையில் போட்டுப் பழகுவது நல்லது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சென்னையிலிருந்து தஞ்சைக்கு வருபவருக்கு விழுப்புரம், திருச்சி சுற்றி ஒரு வழி. விக்கிரவாண்டி, கும்பகோணம் வழியாக தேசிய நெடுஞ்சாலை 36 இன்னொரு வழி. அந்த இரண்டாம் சாலையை அகலப்படுத்தும் வேலை துண்டு துண்டாக நடந்தது. ஒரு துண்டு திறந்தால் வண்டிகள் இங்கிருந்து அங்கே சாயும். உங்கள் சாலைக்கு இப்படி ஒரு போட்டிச் சாலை இருந்தால், எண்ணிய தேதியில் அந்தச் சாலை எந்த நிலையில் இருந்தது என்று குறித்துவையுங்கள்.

எங்கிருந்து எதுவரை, எத்தனை மணிவரை

எல்லை போடும்போது ஒரே விதி: நெரிசலின் வால் எல்லைக்குள் அடங்க வேண்டும். காலை எட்டரைக்கு நெரிசல் என்றால் எட்டரைக்குத் தொடங்காதீர்கள். சாலை இன்னும் சும்மா இருக்கும் ஏழு மணிக்கே எண்ணத் தொடங்கி, வரிசை முழுக்கக் கரைந்த பிறகு நிறுத்துங்கள். இடத்துக்கும் இதே கணக்குதான். வரிசை ஒரு கிலோமீட்டர் நீளும் என்று தெரிந்தால், உங்கள் வரைபடம் அதற்கும் ஒரு கிலோமீட்டர் பின்னாலிருந்து தொடங்கட்டும். ஏன் என்பது கடைசியில் சூமோ என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டும்போது தெரியும்.

எந்த நாளில் எண்ணுவது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பாடநூலில் "சாதாரண வேலை நாள்" என்று இருக்கும். செவ்வாய், புதன், வியாழனில் ஒன்று என்று விளக்கமும் இருக்கும். டெல்டாவில் சாதாரண நாள் எது என்று சொல்லத் தினசரி நாட்காட்டியைக் கிழித்துப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை புதன்கிழமை என்று நம்பி ஆள் அனுப்பினேன். வேன்களும் கார்களும் காலை ஆறு மணிக்கே அலைமோதின. அன்று வளர்பிறை முகூர்த்த நாள். கும்பகோணத்திலிருந்து தஞ்சை வரை இருந்த கல்யாண மண்டபம் எதுவும் காலியாக இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்தத் தொல்லை கிடையாது, கல்யாணமே இருக்காது. ஆனால் ஆடியில் பதினெட்டாம் பெருக்கு வரும், காவிரிப் படித்துறை உள்ள ஊர்களெல்லாம் நிறையும். மார்கழியில் விடியற்காலைக் கோயில் கூட்டமும் சபரிமலை வேன்களும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் நாகப்பட்டினம் சாலையில் எடுத்த எண்ணை வருடத்தின் மற்ற நாளுக்குப் பொருத்தவே முடியாது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு, குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகாமகம். கடைசியாக 2016இல் நடந்தது. இவை தனிக் கணக்கு. திருவிழாவுக்காகவே திட்டம் போடுகிறீர்கள் என்றால் மட்டும் அந்த நாளில் எண்ணுங்கள்.

அப்புறம் அறுவடை. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவை செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அறுவடைக்கு வரும். சம்பா தை, மாசியில். அந்த வாரங்களில் சாலையின் முகமே மாறிவிடும். கதிர் அறுக்கும் எந்திரங்கள் லாரி ஏறி வெளியூரிலிருந்து வரும். வயலிலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர், அங்கிருந்து கிடங்குக்கு லாரி. அதே சாலையில் வைகாசியில் எண்ணினால் இதில் பாதி இருக்காது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1972இலேயே தன் 9ஆம் எண் வழிகாட்டியில் இதைச் சொல்லிவிட்டது: கிராமப்புறச் சாலைகளில் வருடத்துக்கு இரண்டு முறையாவது எண்ண வேண்டும், ஒன்று அறுவடையும் விற்பனையும் உச்சத்தில் இருக்கும்போது, மற்றொன்று மந்தமான காலத்தில். ஒவ்வொரு முறையும் ஏழு நாள் தொடர்ச்சியாக, இரவும் பகலும். பழைய வழிகாட்டிதான், ஆனால் டெல்டாவைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும். ஏழு நாளுக்கு ஆள் கிடைக்கவில்லையா? ஒரே ஓர் இடத்திலாவது ஏழு நாள் எண்ணிவிட்டு, மற்ற இடங்களில் ஒரு நாள் எண்ணுங்கள். ஏழு நாள் இடத்தை வைத்து மற்றவற்றைச் சரிசெய்துகொள்ளலாம்.

இதோடு சேர்த்து ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் சாலையின் இடது ஓரத்தில் வரிசையாகப் போவார்கள். அவர்கள் உங்கள் வண்டிக் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் வண்டிகளுக்குக் கிடைக்கும் அகலத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அறுவடை நேரத்தில் சாலையில் நெல் காயப்போடுவதும் அப்படித்தான். ஒரு தடத்தில் நெல் பரப்பி, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். நெல் லாரி அதிகமாவது தேவை கூடுவது. நெல் காய்வது சாலை சுருங்குவது. இரண்டும் ஒரே வாரத்தில் வருவதால் புதியவர்கள் இரண்டையும் ஒரே எண்ணில் குழப்பிவிடுவார்கள். நோட்டில் இரண்டு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வண்டி பக்கம், சாலை பக்கம். சிமுலேஷனில் முதலாவது தேவைக் கோப்பில் போகும், இரண்டாவது சாலைக் கோப்பில் ஒரு தடத்தை மூடுவதாகப் போகும்.

எண்ணுவது

தொடக்க முனையில் ஒருவர், ஒவ்வொரு ஏறுமிடம் இறங்குமிடத்திலும் ஒருவர், கடைசி முனையில் ஒருவர். கால் மணிக்கு ஒரு தாள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று பள்ளியில் போட்ட அதே முறைதான். நடைபாலம் இருந்தால் கைப்பேசியை மேலே கட்டி வீடியோ எடுத்துவிட்டு, அறையில் உட்கார்ந்து எண்ணலாம். முன்கூட்டியே காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்க விளக்கம் சொல்லியே போய்விடும். எல்லாருடைய கடிகாரத்தையும் காலையில் ஒன்றாகச் சரிசெய்யுங்கள். சின்ன விஷயம்தான், பாதிப் பிழைகள் இதில்தான் பிறக்கின்றன.

வகை பிரிப்பது முக்கியம்: இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், வேன், குட்டியானை, மினி பஸ், பேருந்து, லாரி, பல அச்சு லாரி, டிராக்டர், டிராக்டர் டிரெய்லர். மாட்டு வண்டிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அபூர்வம்தான், ஆனால் ஒன்று வந்தால் பின்னால் இருபது வண்டி ஊரும்.

வெவ்வேறு வண்டிகளை ஒரே அளவில் சொல்ல பி.சி.யூ. என்ற கார் அலகு இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 64ஆம் எண் வழிகாட்டி, 1990இல் வந்தது, கிராமப்புறச் சாலைகளுக்கு இப்படிக் கொடுக்கிறது: கார் 1, இருசக்கர வண்டி 0.5, பேருந்தும் லாரியும் 3, டிராக்டர் டிரெய்லர் 4.5, மாட்டு வண்டி 8. கால் மணியில் 120 இருசக்கர வண்டி, 60 கார், 12 பேருந்து, 15 லாரி, 4 டிராக்டர் டிரெய்லர் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 60, 60, 36, 45, 18. மொத்தம் 219 அலகு. சாலை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்ல இது போதும்.

ஆனால் சிமுலேஷனுக்குள் இந்த 219ஐப் போடாதீர்கள். வண்டிக்கு வண்டி ஓட்டிக் காட்டும் மென்பொருளுக்கு நிஜ வண்டிகளைத்தான் கொடுக்க வேண்டும்: 120 இருசக்கர வண்டி, 4 டிரெய்லர் என்று. டிரெய்லர் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை அதுவே நீளம், வேகம் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளும். அலகாக மாற்றிப் போட்டால் ஒரே வண்டியின் பருமனை இரண்டு முறை கணக்கில் எடுத்ததாகிவிடும்.

டோல்கேட் தரவு கிடைத்தால் விடாதீர்கள். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம் என்பதால், வாழவந்தான்கோட்டை போன்ற ஒரு டோல்கேட்டில் எந்த வகை வண்டி எந்த நிமிடத்தில் கடந்தது என்பது பதிவாகிறது. கேட்கும்போது வண்டி எண் இல்லாமல் கேளுங்கள். நமக்கு அது தேவையும் இல்லை. ஆனால் அந்தத் தரவை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இருசக்கர வண்டிக்கும் டிராக்டருக்கும் அங்கே கட்டணம் கிடையாது, அவை பதிவில் வராது. டெல்டாச் சாலையில் அவ்விரண்டையும் விட்டுவிட்டால் மீதியில் என்ன இருக்கிறது?

வரிசையைத் திருப்பிச் சேர்ப்பது

இப்போது வேப்ப மரத்துக் கதைக்கு வருவோம். நெரிசல் முனையைத் தாண்டி எண்ணினால் அந்த முனை கடத்திய வண்டிகள்தான் தெரியும். வந்த வண்டிகளை அறிய வரிசையையும் எண்ண வேண்டும். கணக்கு மிக எளிது: ஒரு கால் மணியில் வந்தவை என்பது, கடந்து போனவையோடு வரிசை எவ்வளவு வளர்ந்ததோ அதைக் கூட்டினால் வருவது. வரிசை குறைந்தால் கழிக்க வேண்டும்.

பழகிக்கொள்ள நானே போட்ட எண்கள் இவை. ஒரு நெரிசல் முனை கால் மணிக்கு 450 வண்டியைக் கடத்துகிறது. ஐந்து கால் மணிகளும் 450, 450, 450, 450, 450. தாளைப் பார்த்தால் அன்று எனக்குத் தோன்றியது போலவே சீராகத் தெரியும். ஒவ்வொரு கால் மணி முடிவிலும் ஒருவர் வரிசையின் வால்வரை பைக்கில் போய் நிற்கும் வண்டிகளை எண்ணுகிறார். 40, 110, 110, 30, கடைசியில் 0. அப்படியானால் உண்மையில் வந்தவை 490, 520, 450, 370, 420. இரண்டின் கூட்டுத்தொகையும் 2250தான், ஒரு வண்டிகூடக் காணாமல் போகவில்லை. ஆனால் 520 என்ற அந்த மேடுதான் நெரிசலை உண்டாக்கியது. அதை 450 என்று எழுதி சிமுலேஷனில் போட்டால், திரையில் வரிசையே வராது. சாலையை அகலப்படுத்தத் தேவையில்லை என்று முடிவு வரும்.

வேகத்தையும் குறித்துவையுங்கள். கால் மணிக்கு 100 வண்டி என்ற எண் மதியம் இரண்டு மணிக் காலிச் சாலையிலும் வரும், முட்டி நிற்கும் சாலையிலும் வரும். வண்டி நெருக்கத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை 1935இலேயே கிரீன்ஷீல்ட்ஸ் வரைந்து காட்டினார். ஒரே ஓட்டத்துக்கு, அதாவது கால் மணிக்கு இத்தனை வண்டி என்ற ஒரே எண்ணுக்கு, இரண்டு வேகம் உண்டு என்பது அந்த வளைகோட்டிலிருந்து கிடைக்கிறது. வேகம் எழுதாத தாளை நான் இப்போதெல்லாம் வாங்குவதில்லை.

வரிசையை எண்ணியும் பிடிபடாத ஒரு கூட்டம் இருக்கிறது. நெரிசலுக்குப் பயந்து விடியற்காலை கிளம்பியவர்கள், ரயிலில் போனவர்கள், பொங்கல் முடிந்து ஒரு நாள் தங்கிவிட்டுப் போனவர்கள். சாலையை அகலப்படுத்தினால் இவர்கள் திரும்பி வருவார்கள். இன்றைய நிலையைச் சிமுலேஷன் செய்யும்போது இவர்களை விட்டுவிடலாம். எதிர்காலச் சாலைக்கு என்றால் வீட்டுக்கு வீடு கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது வேறு வேலை.

எங்கே ஏறி எங்கே இறங்கினார்கள்

எண்ணிக்கை கையில் வந்த பிறகு ஓ.டி. அட்டவணை, அதாவது புறப்பட்ட இடம் (ஒரிஜின்), சேர்ந்த இடம் (டெஸ்டினேஷன்) அட்டவணை. ஏறுமிடங்கள் வரிசையாக, இறங்குமிடங்கள் பத்தியாக. ஒவ்வொரு கட்டத்திலும் இங்கே ஏறி அங்கே இறங்கியவர் எத்தனை என்ற எண். தண்ணீருக்கு இந்தக் கேள்வி இல்லை. கடைமடைக்கு வந்த தண்ணீர் எந்த வாய்க்காலில் கலந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வண்டிக்குக் கேட்டே ஆக வேண்டும். வல்லத்தில் இறங்கப் போகிறவர் முன்கூட்டியே இடப்பக்கம் ஒதுங்குவார், அங்கேதான் உரசல் வரும்.

ஒரு மணி நேரத்துக்கு, கார்கள் மட்டும், தஞ்சைத் திசையில். எண்கள் மறுபடியும் பயிற்சிக்காக நான் போட்டவை. துவாக்குடி முனையில் 600 கார் உள்ளே வருகின்றன, செங்கிப்பட்டியில் 150 ஏறுகின்றன, வல்லத்தில் 100. மொத்தம் 850. செங்கிப்பட்டியில் 100 இறங்குகின்றன, வல்லத்தில் 200, தஞ்சை முனைவரை வருபவை 550. அதுவும் 850. சரி.

செங்கிப்பட்டியில் இறங்கிய 100 காரும் துவாக்குடிக் காராகத்தான் இருக்க முடியும், அதற்கு முன் வேறு யாரும் ஏறவில்லை. ஒரு கட்டம் நிரம்பிவிட்டது. வல்லத்தில் ஏறிய 100ம் தஞ்சைக்குத்தான் போக முடியும். இன்னொரு கட்டம். செங்கிப்பட்டியைத் தாண்டும்போது சாலையில் துவாக்குடிக் கார் 500, செங்கிப்பட்டிக் கார் 150. வல்லத்தில் இறங்கும் 200 இந்த இரண்டிலிருந்தும் வர வேண்டும். யார் எத்தனை?

வேறு தகவல் இல்லாவிட்டால் சாலையில் இருக்கும் விகிதப்படியே பிரிப்பார்கள். 650இல் 500 பங்கு துவாக்குடி, அதனால் 154. செங்கிப்பட்டி 46. மீதி தானாக வரும்: துவாக்குடியிலிருந்து தஞ்சைக்கு 346, செங்கிப்பட்டியிலிருந்து 104, வல்லத்திலிருந்து 100. கூட்டினால் 550. கணக்கு கச்சிதமாக இருக்கிறது. நிஜம் அப்படியா என்றால், பெரும்பாலும் இல்லை. செங்கிப்பட்டியில் ஏறுபவருக்கு அடுத்த பெரிய ஊர் வல்லம். பிள்ளையைக் கல்லூரியில் விடுவது, மருத்துவமனை, கடை என்று சின்னப் பயணங்கள் விகிதத்தைவிட அதிகமாகவே இருக்கும்.

இங்கே ஒரு சுகமான விஷயம் கவனியுங்கள். நிரப்ப வேண்டிய நாலு கட்டமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒரே ஒரு கட்டம் தெரிந்துவிட்டால் மற்ற மூன்றும் தானாகக் கிடைத்துவிடும். அதனால் அறுபது பேரைச் சாலை முழுக்க நிறுத்திக் கேட்க வேண்டாம். செங்கிப்பட்டியில் ஏறும் இடத்தில், டீக்கடை வாசலில், வண்டி நிறுத்துகிறவர்களிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்டால் போதும். பத்துப் பேரில் நாலு பேர் வல்லம் என்றார்கள் என்று வையுங்கள். 150இல் 60. அப்படியானால் செங்கிப்பட்டி–தஞ்சை 90, துவாக்குடி–வல்லம் 140, துவாக்குடி–தஞ்சை 360. தஞ்சை முனையில் 360, 90, 100 சேர்ந்து 550. எல்லா எண்ணிக்கையும் அப்படியே நிற்கிறது, உள்ளே இருக்கிற கதை மட்டும் மாறிவிட்டது. டீக்கடையில் நிற்கிறவர்கள் எல்லா வண்டிக்காரர்களுக்கும் சரியான மாதிரி இல்லை என்று ஆசிரியர் சொல்வார். உண்மைதான். பேருந்து நிறுத்தம், பெட்ரோல் பங்க் என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். நிதானமாக அவர்கள் மொழியில் கேளுங்கள், கையில் தாளைப் பார்த்தால் டோல் உயர்த்தப் போகிறீர்களோ என்று சந்தேகப்படுவார்கள்.

ஏறுமிடங்கள் அதிகமானால் கையால் முடியாது. அப்போது ஒரு தொடக்க அட்டவணையை எடுத்துக்கொண்டு, வரிசைக் கூட்டுத்தொகை சரியாகும்படி ஒருமுறை பெருக்கி, பத்திக் கூட்டுத்தொகை சரியாகும்படி இன்னொரு முறை பெருக்கி, இரண்டும் பொருந்தும்வரை மாறி மாறிச் செய்வார்கள். இதை 1965இல் ஃபர்னஸ் எழுதிக் காட்டினார். ஃப்ராட்டர் 1954லேயே இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்திருந்தார். 1980இல் வான் சுய்லனும் வில்லும்சனும் சாலை எண்ணிக்கையிலிருந்தே அட்டவணையைப் பின்னோக்கிப் பிடிக்கும் முறையைக் கொடுத்தார்கள். எக்ஸெல்லில் ஃபர்னஸைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். எதிலும் ஒன்றை மறக்காதீர்கள்: தொடக்க அட்டவணையில் பூஜ்யம் போட்ட கட்டம் கடைசிவரை பூஜ்யமாகத்தான் இருக்கும். மேலே திரும்ப முடியாத கட்டங்களுக்கு அது வசதி. கேட்டபோது யாரும் சொல்லவில்லை என்பதற்காக நிஜமான ஒரு பயணத்துக்குப் பூஜ்யம் போட்டால் அது திரும்ப வரவே வராது. அங்கே ஒன்றோ இரண்டோ போட்டுவையுங்கள்.

அட்டவணையை வகைக்கு ஒன்றாகப் போடுங்கள். காருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, இருசக்கர வண்டிக்கு ஒன்று. லாரி துவாக்குடியிலிருந்து தஞ்சையைத் தாண்டிப் போகும், இருசக்கர வண்டி அடுத்த ஊரில் இறங்கிவிடும். இரண்டையும் ஒரே விகிதத்தில் கலந்தால் ஐம்பது கிலோமீட்டர் பைக் ஓட்டுகிற கூட்டம் திரையில் தோன்றும்.

இன்னொன்று, நிஜ எண்ணிக்கையில் ஏறியதும் இறங்கியதும் 850க்கு 850 என்று ஒருபோதும் வராது. 850 ஏறி 815 இறங்கியிருக்கும். உடனே விகிதம் போட்டுச் சமன் செய்யாதீர்கள். முதலில் காரணம் தேடுங்கள். துவாக்குடியில் எட்டு மணிக்கு ஏறிய கார் தஞ்சை முனைக்கு வர முக்கால் மணி போல ஆகும். இரண்டு இடத்திலும் எட்டு முதல் ஒன்பது என்று எடுத்தால் எப்படிப் பொருந்தும்? தடுப்பு இடைவெளியில் யாரும் நிற்கவில்லையா? எண்ணியவர் பதினோரு மணிக்கு வடை சாப்பிடப் போனாரா? காரணம் எதுவும் கிடைக்காத மீதியை மட்டும் பங்கிடுங்கள்.

கணினிக்குள் போடுவது

இலவசமாக வேண்டும் என்றால் சூமோ. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001 முதல் கொடுத்துவருகிறது. விஸ்ஸிம், ஐம்சன் பணம் கட்டி வாங்குபவை. சூமோவோடு வரும் டிஎஃப்ரவுட்டர் என்ற கருவி, எல்லா ஏறுமிடம் இறங்குமிடத்திலும் எண்ணிக்கை இருக்கும் நெடுஞ்சாலைக்கென்றே எழுதப்பட்டது. எண்ணிக்கையைக் கொடுத்தால் வழிகளை அதுவே உண்டாக்கும். நான் மேலே சொன்ன அட்டவணையைப் போட்டவர்கள் ஓடி2ட்ரிப்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்தலாம். தேவையைக் கால் மணிக் கால் மணியாகக் கொடுங்கள், மணிக்கணக்கில் கொடுத்தால் அந்த 520 மேடு தேய்ந்துபோகும்.

வரைபடம் இறக்கும்போது இடப்பக்கம் ஓட்டும் நாடு என்று தேர்வு செய்யுங்கள். மறந்தால் எல்லாரும் வலப்பக்கம் ஓட்டுவார்கள். என் மாணவர் ஒருவர் அதை ஒரு வாரம் கவனிக்கவில்லை. ஒரே தடத்துக்குள் வண்டிகள் பக்கத்தில் பக்கமாகப் போக விடும் சப்லேன் என்ற வசதியையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் இருசக்கர வண்டிகள் ஒரு தடத்துக்கு ஒன்றாக, முன்னால் போகும் லாரிக்குப் பின்னால் பவ்யமாகப் போகும்.

ஓடி முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே நுழைய முடியாமல் எத்தனை வண்டிகள் வெளியே காத்திருந்தன என்பது. வரிசை வரைபடத்தின் தொடக்கத்தைத் தொட்டுவிட்டால், அடுத்து வர வேண்டிய வண்டிகளைச் சூமோ வெளியே நிறுத்திவைக்கும். சாலைமீது அவை தெரியாது. மதகுக்கு மேலே தேங்கிய தண்ணீர் இங்கேயும் ஒளிந்துகொள்கிறது. அந்த எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் தொடக்கச் சாலையை இன்னும் பின்னால் நீட்டுங்கள்.

சரிபார்ப்பது

எண்ணிய ஓட்டத்தையும் மென்பொருள் காட்டிய ஓட்டத்தையும் ஒப்பிட ஜி.இ.எச். என்ற அளவு புழக்கத்தில் இருக்கிறது. லண்டனில் ஜெஃப்ரி ஹேவர்ஸ் 1970களில் உருவாக்கியது, பெயரும் அவர் முதலெழுத்துகள்தான். இரண்டு எண்ணின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மணிக்கணக்கு ஓட்டத்துக்குத்தான் இது பொருந்தும், கால் மணி எண்ணைப் போடாதீர்கள். எண்ணிய இடங்களில் 85 சதவீதத்தில் ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்று வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணியது 1100, வந்தது 1000 என்றால் 3.1 வரும். சின்ன இறங்குவழியில் ஏமாந்துவிடாதீர்கள்: எண்ணியது 100, வந்தது 60 என்றாலும் 4.5தான் வரும். நாற்பது சதவீதம் தவறு, ஆனாலும் தேர்ச்சி. அதனால் ஓட்டத்தோடு வரிசை நீளத்தையும் பயண நேரத்தையும் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை பொருந்தி வரிசை பொருந்தாவிட்டால் தேவையை நெரிசலுக்குக் கீழே எடுத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். மென்பொருளின் தற்செயல் தேர்வுகள் மாறும்படி வேறு வேறு தொடக்க எண் (சீட்) கொடுத்துப் பத்து முறையாவது ஓட்டிச் சராசரி எடுங்கள். ஒருமுறை மட்டும் ஓட்டிப் பார்த்ததை நம்பி முடிவு சொல்லாதீர்கள்.

தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் தேதி, தமிழ்த் தேதி, முகூர்த்தமா, மழையா, சாலையில் நெல் கிடந்ததா என்று எழுதிவையுங்கள். எண்ணியவர் எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதும் இருக்கட்டும். நிழலுக்காக ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சர்வீஸ் ரோட்டில் இறங்கும் வண்டிகள் மறைந்துவிடும், ஆறு மாதம் கழித்து அந்த வித்தியாசத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.